தண்ணீர் இல்லாத புத்தகம்

ஆறாவது பக்கத்தில் வாத்து வந்தது. கிருபாசங்கர் புத்தகத்தை மூடி வலது பக்க அடுக்கில் வைத்தான்.

வாத்து என்றால் அடுத்த பக்கம் குளம்தான். புரட்டிப் பார்க்கவே வேண்டியதில்லை.

வலது அடுக்கில் பதினேழு சேர்ந்துவிட்டன. இடது பக்கம் இரண்டே இரண்டு. ஒன்றில் ஒரு தையல்காரர் எலிக்குச் சட்டை தைக்கிறார். இன்னொன்றில் பெட்டிக்குள் பெட்டி, அதற்குள்ளும் பெட்டி.

மொத்தம் பத்து வேண்டும். நாளைக் காலை சூலூர் அங்கன்வாடியில் மகுடேஸ்வரி அவற்றைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டப் போகிறாள். பத்து மாதமாக வாசல் கேட்டைத் தாண்டாத மனைவி, தானாக வாய் திறந்து கேட்டது இது ஒன்றைத்தான். மகள் ரித்திகா இருந்திருந்தால் நாளை ஐந்து வயது முடியும். மிட்டாய் எல்லாம் வேண்டாம், புதிதாகப் படப் புத்தகம் வாங்கி வாருங்கள், நானே உட்கார்ந்து படிக்கிறேன் என்றாள்.

படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு ஆறு வந்துவிட்டால்?

அத்தனை பிள்ளைகள் முன்னால் அவள் உடைந்துபோவாள். பிறகு அந்தக் கேட்டைத் திறக்கவே மாட்டாள்.

காந்திபுரத்தில், பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த கடை அது. குழந்தைகள் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் ஜெனிஷா அரை மணி நேரமாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

“ஏனுங்ணா, எதைக் குடுத்தாலும் கழிச்சுப்போடறீங்க. எந்த மாதிரி வேணும்னு சொன்னா நானே எடுத்துத் தந்துருவனுங்களே.”

“தண்ணி இருக்கக் கூடாதுங்க அம்மணி. ஆறு, கெணறு, மழை, எதுவுமே. ஊட்ல பாத்தாங்கன்னா தாங்க மாட்டாங்க.”

“மழை கூடவா? அப்புடிப் பாத்தா ஒட்டகந்தானுங்ணா மிஞ்சும்.”

சிரித்தவள் அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். உள்ளே போய் நிஜமாகவே ஒட்டகக் கதை ஒன்றை எடுத்து வந்தாள்.

ஒன்பதாவது பக்கத்தில் பாலைவனச் சோலை. பேரீச்ச மரங்களுக்கு நடுவே நீலமாக.

வலது அடுக்கு.

சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. மகுடேஸ்வரி. அவன் எடுக்கவில்லை. இன்னும் முடியவில்லை என்று சொன்னால், சரி விடுங்கள் என்று அவள் சொல்லிவிடக்கூடும். அந்த வார்த்தை அவள் வாயில் வருவதற்குள் பத்தும் சேர்ந்துவிட வேண்டும்.

யானை வந்தது. தும்பிக்கையில் என்ன வைத்திருக்கிறதோ என்று பக்கத்தின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தான். வாழைத்தார். மூச்சு வந்தது. அடுத்த பக்கத்தில் அதே யானை குளித்துக்கொண்டிருந்தது.

குழந்தைகளுக்குப் படம் போடுகிறவர்களுக்குத் தண்ணீரை விட்டால் வேறு எதுவுமே தெரியாதா?

ஒரு புத்தகத்தில் பக்கம் முழுக்க நீலம். விரல் அப்படியே நின்றுவிட்டது. சற்றுக் கழித்துத்தான் மூலையில் வால் முளைத்த பட்டம் கண்ணில் பட்டது. ஆகாயம். அதை இரண்டு முறை பார்த்துவிட்டு இடது பக்கம் வைத்தான்.

மறுபடி அதிர்ந்தது. விட்டுவிட்டான்.

மூன்றாவது தடவை அழைப்பு வந்தபோது இடது அடுக்கில் எட்டு இருந்தன. எடுத்தான்.

“ஏனுங்க, கடையிலதான் இருக்கறீங்களா?” பின்னால் வீட்டுத் தறிச் சத்தம்.

“ஆமா, ஆச்சு. இன்னும் ரெண்டுதான். நீ பயப்படாத மகுடி, எதுலயும் தண்ணி இல்ல. ஒவ்வொரு பக்கமாப் பாத்துத்தான் எடுத்திருக்கறேன்.”



“தண்ணி வேண்டாம்னு நான் எப்பங்க சொன்னேன்?”

அவன் இடது அடுக்கைப் பார்த்தான்.

“ஆத்துல கொழந்தைக ஆட்டம் போடற மாதிரி ஒண்ணு எடுங்க. பாப்பாவுக்கு ஆறுன்னா உசுராச்சுங்களே. அதைத்தான் மொதல்ல படிக்கோணும்.” குரலைத் தணித்துக்கொண்டாள். “நீங்க பிரிச்சுப் பாக்காதீங்க. கடைக்காரங்களையே எடுத்துக் கட்டச் சொல்லுங்க. நாளைக்கும் நீங்க உள்ள வர வேண்டாம், வண்டியிலயே இருங்க. நான் படிச்சுப்போட்டு வாரேன்.”

கைப்பேசியைக் காதில் வைத்தபடியே ஜெனிஷாவிடம் சொன்னான். அவள் எதுவும் கேட்காமல் வலது அடுக்கின் பக்கம் போனாள். அவன் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

கொடுமுடிக் காவிரியில் அன்று ஆடிப் பதினெட்டு. முளைப்பாரிச் சட்டியைப் பெண்கள்தான் ஆற்றில் விடுவார்கள். படியெல்லாம் பாசி, கூட்டம் வேறு, நீ மேலேயே இரு என்று மகுடேஸ்வரியிடமிருந்து அவன்தான் வாங்கிக்கொண்டான். பாப்பாவையும் நானே கூட்டிப்போகிறேன் என்றான். முழங்கால் தண்ணீர் வரை ரித்திகா அவன் விரலைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள்.

பயிரோடு அந்த மண்சட்டியைத் தண்ணீரில் இறக்கி வைக்க இரண்டு கைகளும் வேண்டியிருந்தன.

எப்படிக் கையை விட்டீர்கள் என்று இந்தப் பத்து மாதத்தில் மகுடேஸ்வரி ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.

கைப்பேசியில் அவள் இன்னும் இருந்தாள். மூச்சு கேட்டது. இப்போது கேட்டுவிடுவாள் என்று அவன் நினைத்தான்.

“சாப்ட்டீங்களா?” என்றாள்.