கூட்டணியில் க்ரோமருக்கு இடமுண்டா?

“க்ரோமர்காரன் எக்கேடு கெட்டா நமக்கென்ன?”

பின்வரிசையிலிருந்து யாரோ கத்த, ஊர்க்காரர்கள் கூடியிருந்த கல்லூரி அரங்கமே கைதட்டியது. மேடையில் நின்ற லொரெய்னுக்கு முகம் சிவந்துவிட்டது.

லொரெய்ன், ஆல்டர்பி கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவி. பல கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் ஆடிக்கொண்டிருந்த கால்பந்துக் கூட்டணி உடைந்துபோயிற்று. பெரிய கூட்டணி ஒன்று ஆல்டர்பியை வா வா என்று கூப்பிடுகிறது. அதே கூட்டணியில் இருந்த, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து க்ரோமர் கல்லூரியைச் சீந்த ஆளில்லை.

“அவங்களையும் சேர்த்துக்கிட்டாத்தான் வருவோம்னு நாம அடம்பிடிச்சா, சேர்த்துக்குவாங்க. ஆட்டத்தை ஒளிபரப்பறதுக்குத் தொலைக்காட்சிக்காரங்க தர்ற பணத்துல நம்ம பங்கு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்,” என்று லொரெய்ன் மன்றாடினாள். “பாவம்ங்க அவங்க. தனியா விட்டா டீமையே மூடிடுவாங்க. அந்தப் பசங்க எங்க போவாங்க?”

“போன நவம்பர்ல நம்மளைப் போட்டுத் துவைச்சப்போ அவங்க பாவம் பார்த்தாங்களா?” என்றார் நிர்வாகக் குழுத் தலைவர் ப்ரூயிட். அரங்கம் சிரித்தது. “சரி, குழுவுல யாராவது லொரெய்ன் கட்சியா? கையைத் தூக்குங்க.”

யாரும் தூக்கவில்லை.

“அப்ப ஊர்க்காரங்க யாராவது பேசறதுன்னா பேசுங்க. முடிச்சிடலாம்.”

விர்ஜில் ஓக்ஸ் எழுந்தார்.

விதை வியாபாரத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, க்ரோமரைத் திட்டுவதையே முழுநேர வேலையாக வைத்திருப்பவர் விர்ஜில். மஞ்சள் க்ரோமரின் நிறம் என்பதால் முட்டையில் மஞ்சள் கருவை ஒதுக்கிவிட்டுத்தான் சாப்பிடுவார். அந்தக் கரையில் பெட்ரோல் மலிவு என்றாலும் பாலத்தைத் தாண்ட மாட்டார். இந்த மனுஷன் வாயைத் திறந்தால் க்ரோமர் கதை முடிந்த மாதிரிதான்.

விர்ஜில் மைக்கைப் பிடித்தார்.

“ப்ரூயிட், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இரும்புச் சட்டி இப்ப எங்கப்பா இருக்கு?”

எல்லாரும் ப்ரூயிட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டு ஊருக்கும் வருஷாவருஷம் நடக்கும் ஆட்டத்தின் பரிசு அந்தப் பழைய இரும்புச் சட்டி. தோற்ற ஊர்க்காரர்கள் ஜெயித்தவர்களின் கடைத்தெருவுக்குப் போய், அவர்கள் நிறத்தில் ஏப்ரன் கட்டிக்கொண்டு, அந்தச் சட்டியிலேயே பீன்ஸும் மாட்டிறைச்சியும் வேகவைத்துப் பரிமாற வேண்டும்.

“க்ரோமர்லதான் இருக்கு,” ப்ரூயிட் முனகினார்.

“போன தடவை மஞ்சள் ஏப்ரனைக் கட்டிக்கிட்டு அவனுங்களுக்குக் கரண்டி பிடிச்சது யாரு?”

“நாமதான். அதை எதுக்கு இப்ப ஞாபகப்படுத்தறே?”

“அவனை விட்டுட்டுப் போனா இனிமே ஆட்டமே கிடையாது. கடைசியா ஜெயிச்சது அவன். சட்டி அவன்கிட்டயே கிடக்கும். 'ஆல்டர்பிக்காரன் பயந்து ஓடிட்டான்'னு நம்ம பேரப்பிள்ளைங்ககிட்ட காட்டிக் காட்டிச் சிரிப்பான். இது நமக்குத் தேவையா?”

“தேவையில்லை!” என்று நாலாபக்கமும் குரல்.

“நாலு காசு குறைஞ்சா குறையட்டும்யா. இழுத்துக்கிட்டு வாங்க அவனை! வருஷாவருஷம் நம்ம கையால உதை வாங்கட்டும்!”

அரங்கம் எழுந்து நின்று கூச்சல் போட்டது. குழுவில் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். முதலில் தூக்கியவர் ப்ரூயிட்.

வெளியே விர்ஜில் தன் பிக்கப் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். லொரெய்ன் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“எப்படியோ, உங்க வெறுப்பு அந்தப் பசங்களைக் காப்பாத்திடுச்சு. கேக்கறேன்னு கோச்சுக்காதீங்க, ஒரு மனுஷனுக்கு இவ்வளவு வன்மம் ஆகுமா?”

விர்ஜில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“வன்மமா? அவங்க மைதானம் காடா மண்டிப் போயிடுமேன்னு ரெண்டு வாரமா எனக்குச் சாப்பாடு இறங்கலைம்மா. பாவம், சின்னப் பசங்க. என்னமா ஆடறானுங்க!”

லொரெய்ன் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“அட மனுஷா! அதை உள்ளேயே சொல்லியிருக்கலாமே?”

“அதைத்தான் நீ சொன்னியேம்மா,” என்றபடி விர்ஜில் வண்டியைக் கிளப்பினார். “ஒரு கையாவது எழுந்துச்சா?”