கைதட்டலுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில்

ஊசி இறங்கியதும் முதலில் கேட்டது கூட்டம்தான்.

ஈப்போ நகர மண்டபம் முழுவதும் அந்தச் சின்ன ஒலிபெருக்கிக்குள் இருந்து கைதட்டியது. அவன் சத்தத்தைக் கூட்டினான்.

அவன் மனைவி பிலோமினாவின் முதல் இசைத்தட்டு. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ‘சோல்’ பாட்டைத் தமிழில் பாடும் நால்வர் குழு. மேடையில் பாடியதை அப்படியே பதிவு செய்திருந்தார்கள்.

நால்வருக்கு இரண்டு மைக். ஒன்றில் அவளும் இருதயராஜும். குழுவை நடத்துபவர் அவர். எல்லோருக்கும் மாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து அவன் தங்கை ஸ்டெல்லாவும் அவள் கணவன் சூசையும் வந்திருந்தார்கள். தட்டில் ஆட்டுக்கறி. பிலோமினா வெட்கப்பட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

“அண்ணியா இது? வீட்டுல வாயே திறக்காது!” என்றாள் ஸ்டெல்லா.

“அதான் மச்சான் பொழைச்சாரு” என்றான் சூசை.

சிரித்தார்கள்.

மூன்றாவது பாட்டு. மெதுவான பாட்டு. கடைசி வரியை அவள் தனியாக எடுத்து, இழுத்து, விட்டாள். மண்டபம் எழுந்தது. நடுவே ஒரு நீண்ட விசில்.

“நான்தான்!” அவன் துள்ளினான். “அந்த விசில் நான்தான்!”

“வயசுக்கு ஏத்த வேலையா மச்சான்?”

கைதட்டல் அடங்கிக்கொண்டிருந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். மைக்கை அணைக்க மறந்திருக்கிறார்கள்.

“உனக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் நில்லேன்.”

பிலோமினாவின் குரல்.

“ம்.”

அந்தக் கனத்த ‘ம்’ யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை.

நான்காவது பாட்டு தொடங்கியது.

ஸ்டெல்லா மெல்வதை நிறுத்தினாள்.

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

உனக்கு. நில்லேன்.

வெள்ளிக்கிழமைதோறும் அவர் இந்த வீட்டுக்கு வருவார். ‘உட்காருங்க மாஸ்டர். டீ போடட்டுமா மாஸ்டர்?’ அவர் தேவாலயத்துப் படியில் தடுக்கி விழுந்தபோதுகூட, ‘பாத்துங்க மாஸ்டர்’ என்றுதான் அலறினாள்.

அவன் சூசையைப் பார்த்தான். ஏதாவது சொல்வான். எதையும் கேலி செய்யாமல் விடாதவன்.

சூசை ஒரு எலும்பை எடுத்து, பார்த்து, திரும்பத் தட்டில் வைத்தான்.

பிறகு, “பிள்ளைங்களுக்கு நாளைக்குப் பரீட்சை” என்றான்.

பள்ளி விடுமுறை தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது.

“வரோம்ண்ணே” என்றாள் ஸ்டெல்லா. அண்ணியிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

வெயிலில் அவர்களுடைய கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

முதல் பக்கம் முடிந்து ஊசி வெறுமனே உரசிக்கொண்டிருந்தது. அவன் அதைத் தூக்கினான். எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

பிலோமினா சமையலறை வாசலில் நின்றாள். கையில் ஈரம்.

“என்னங்க.”

பத்தொன்பது வருடம். என்னங்க, வாங்க, சாப்பிடுங்க. காய்ச்சலில் பிதற்றியபோது, தண்ணி கொடுங்க. மகள் பிறந்த அன்று வலியில் அவன் கையைக் கடித்துவிட்டு, மன்னிச்சிருங்க.

அந்த மரியாதையைப் பற்றி அவன் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

“அது வந்துங்க...”

அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

எப்போதிலிருந்து என்று கேட்க நினைத்தான். எங்கே என்று. குழுவில் மற்ற இருவருக்கும் தெரியுமா என்று. வாய்க்குள் எல்லாம் வரிசையாக நின்றன.

வந்தது வேறு.

“என்னை ஒரு தடவை நீன்னு சொல்லு.”

அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. முகம் வெளுத்தது.

“ஒரே ஒரு தடவை.”

அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். அவனை நேராகப் பார்த்தாள். உதடுகள் பிரிந்தன. நாக்கு மேல் பல்லைத் தொட்டு நின்றது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவள் கண்கள் நிறைந்தன.

“வரலைங்க” என்றாள்.