முகத்துக்கு நேரே ஒரு மீற்றர்

"என்ட கறுப்பையா அளக்கிறீங்க?"

பிரஷாந்தி கேட்டதும் தேவாலய வாசலில் படத்துக்கு வரிசையாக நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையில் குழந்தை. அன்றைக்குத்தான் அதற்கு ஞானஸ்நானம்.

கேட்டதில் என்ன பிழை? படம் எடுக்க வந்த டெக்ஸ்டர் இன்னமும் ஃபிலிம் கமராதான் வைத்திருக்கிறான். வெளிச்சம் அளக்கிற மீற்றரை அவன் வேறு யாருடைய முகத்துக்கு நேரேயும் நீட்டவில்லை. அவள் கணவன் அஷ்லியின் அக்கா பியோனா அவனைத் தூணோரம் கூப்பிட்டு, குசுகுசுத்து, இவள் பக்கம் கையைக் காட்டினாள். அவன் நேரே வந்து இவள் முகத்தில் நீட்டினான். யாருக்குத்தான் கோபம் வராது?

கொக்கட்டிச்சோலையிலிருந்து பறங்கியர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். அந்த வரிசையில் அவள் ஒருத்திதான் கறுப்பு. கலியாணப் படத்தில் அவளுடைய பல்லும் சேலைக்கரையும்தான் தெரிந்தன. "பொம்பிள எங்க? சிரிப்பு மட்டும்தான் விழுந்திரிக்கு" என்று அன்றைக்கே சொன்னவள் இந்தப் பியோனா. படத்தைச் சுவரில் மாட்டவும் விடவில்லை. இதையெல்லாம் ஒருத்தி மறப்பாளா?

"என்ட பிள்ளைட படத்திலயாவது நான் விழோணும், மச்சாள். அதுக்கும் இந்த மானக்கேடா?"

பியோனா குழந்தையின் சட்டையை இழுத்துச் சரிசெய்தாள். தவக்காலம் முழுக்கக் குந்தியிருந்து தன் கையாலேயே பின்னிய லேஸ் சட்டை. அதைக் கொண்டுபோய்க் காட்டாத வீடு இல்லை. தம்பி பெண்சாதியின் மனம் நொந்தால் என்ன, சட்டை கசங்கக் கூடாது.

அஷ்லி கெஞ்சிக் கூத்தாடி மனைவியை வரிசையில் நிறுத்தினான். அவள் சிரிக்காமல் நின்றாள்.

ஃபிலிம் கொழும்புக்குப் போய்க் கழுவி வந்தது. டெக்ஸ்டர் படத்தை நாவற்குடா வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பிரஷாந்தி மட்டும்தான் இருந்தாள்.

படத்தில் அவள் இருந்தாள். கண், மூக்கு, கன்னத்து மச்சம், அன்றைய கோபம் எல்லாம் அச்சொட்டாக விழுந்திருந்தன. ஆனால் குழந்தையின் சட்டை வெறும் வெள்ளைக் கடதாசி போல இருந்தது. லேசில் ஒரு பூக்கூடத் தெரியவில்லை. பியோனாவின் முகமும் வெளிறிப் போயிருந்தது.

பிரஷாந்திக்கு இப்போது டெக்ஸ்டர் மேல் கோபம் வந்தது.

"ஒரு மனிசி கண்ணைக் கெடுத்துப் பின்னின லேஸ். அதையும் நாசமாக்கிட்டீங்களே."

"நான் அண்டைக்கே சொன்னன், அக்கா. அந்த வெயிலுக்கு ரெண்டில ஒண்டுதான் வரும். சட்டைக்கு அளந்தா உங்கட முகம் இருண்டு போகும். உங்கட முகத்துக்கு அளந்தா லேஸ் வெளிறிப் போகும்."

"ஆரிட்டச் சொன்னீங்க?"

"பியோனா அக்காட்ட. 'லேஸ் அலுமாரில இரிக்கும், பிள்ளைட தாய் படத்தில இரிக்கட்டும்' எண்டாங்க."