ஒரு பல் குறைச்சலாக

பல் டாக்டரம்மாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பொக்கை வாயோடு வந்திருந்த பெரியவர், "பல்செட்டு கட்டணும்மா. ஆனா முன்னாடி ஒரு பல்லு மட்டும் வேண்டாம்" என்றார்.

"ஊரே வரிசைப் பல்லு கேக்குது. நீங்க ஓட்டை கேக்கறீங்களே ஐயா!"

"ஒருத்தங்களப் பாக்கப் போறேன். அவங்க என்னைக் கடைசியாப் பாத்தப்ப அந்தப் பல்லு இல்ல. அடையாளம் தெரியணுமில்ல?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பழைய காதலியா?"

"அப்படித்தான் வச்சுக்குங்களேன். எனக்கு ஊட்டாம அவங்க ஒரு வாய் சாப்பிட்டதில்ல."

"வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"இந்த யோசனையே அவளுதுதான்!"

அதற்கு மேல் டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சரி, எப்பக் கிளம்பறீங்க? அதுக்குள்ள நான் முடிக்கணுமே."

"தேதி நம்ம கையிலயா இருக்கு? கூப்பிட்டா போக வேண்டியதுதான்."

"அப்படி எங்கதான் இருக்காங்க?"

பெரியவர் விரலை உயர்த்தி மேலே காட்டினார். 'மாடியிலயா?' என்று கேட்க வாயெடுத்த டாக்டரம்மா சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"என் பாட்டிம்மா. எனக்குப் பல்லு விழுந்த வாரமே போயிட்டாங்க. அப்ப எனக்கு ஆறு வயசு. 'ஓட்டைப் பல்லா'ன்னுதான் கடைசியாக் கூப்பிட்டாங்க. இந்த நரையும் சுருக்கமும் அவங்க பாத்ததில்லையே."

டாக்டரம்மா முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். கண்ணை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

"வாயத் திறங்க ஐயா" என்றார். "அந்தப் பல்லு வலப்பக்கமா, இடப்பக்கமா?"