பீரோ ஸ்டுடியோ

மனைவி தெருமுனை தாண்டும்வரை காத்திருந்து, அச்சுதன் அவளுடைய பீரோவைத் திறந்தான். பட்டுப்புடவைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு, "என்னைவிட்டு எங்கே பறந்தாய்..." என்று குழைந்தான்.

குடை எடுக்கத் திரும்பி வந்த மதுவந்தி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "ஏன்னா, உள்ள யாரு?"

"ரெக்கார்டிங்டி! சுத்தித் துணி இருந்தா எதிரொலி வராதாம்."

மன்னார்குடிக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவனுக்கு, நாற்பத்தைந்து வயதில் பாடகனாகும் ஆசை வந்திருந்தது. பையன் கழித்துப்போட்ட லேப்டாப், இருப்பதிலேயே மலிவான மைக், மூச்சுக்காற்று இரையாமலிருக்க அதன்மேல் தன் பழைய சாக்ஸ். இதுதான் ஸ்டுடியோ. சத்தம் கூடாதென்று ஃபேனையும் ஃபிரிட்ஜையும் வேறு நிறுத்திவிடுவான்.

"பால் திரிஞ்சு போயிடுத்து. ஃபிரிட்ஜ் நின்னதாலயா, நீங்க பாடினதாலயான்னுதான் தெரியலை" என்றாள் மதுவந்தி.

யூடியூபில் ஏற்றிய பாட்டுகளைச் சொந்தக்காரர்கள் மட்டும் கேட்டார்கள். அவர்களும் பல்லவி முடியுமுன் ஓடிவிட்டதை அந்த யூடியூபே படம் போட்டுக் காட்டியது. மைக்கைப் பரணில் போட்டுவிடலாம் என்று அவன் ஏணியைக்கூட எடுத்துவிட்டான்.

அப்போதுதான் மார்கழியில், அந்தப் 'பறந்தாய்' பாட்டு மட்டும் கிடுகிடுவென ஏறத் தொடங்கியது. பார்வைகள் ஆயிரத்தைத் தாண்டின. அச்சுதனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பாட்டுக்குக் கீழே, 'கச்சேரிக்கு அணுகவும்' என்று வீட்டு முகவரியைப் போட்டான்.

மாசியில் ஒருவர் புது அரிசி மூட்டையோடு வந்து இறங்கினார். "நன்னிலம் பக்கம் சார். பேரு புகழேந்தி. 'பறந்தாய்' பாடுனது நீங்கதானே?"

"நானேதான்! வாங்க, உள்ள வாங்க."

"உங்க பாட்டாலதான் சார் இந்த வருஷம் என் குடும்பம் தலை நிமிந்துது. கதிர் பால் பிடிச்ச நாள்லேர்ந்து அறுப்பு வரைக்கும், விடிஞ்சா பொழுது சாஞ்சா வயல்ல இதான். ஸ்பீக்கரே கட்டிட்டேன்னா பாத்துக்குங்க."

அச்சுதன் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். உழைத்துக் களைத்த ஒரு மனிதருக்குத் தன் குரல் துணையாக இருந்திருக்கிறது! மதுவந்தியைத் திரும்பிப் பார்த்தான். பால் திரிந்ததைச் சொல்லிக் காட்டியவள், தானாகவே காபி கலக்கப் போனாள்.

"அரிசியெல்லாம் எதுக்குங்க? ரசிகர் நீங்க தேடி வந்ததே போதும்."

"இருக்கட்டும் சார். உங்ககிட்ட ஒரு உதவி கேட்டுத்தான் வந்தேன்" என்று தயங்கினார் புகழேந்தி. "இப்ப உளுந்து காய்க்கப் போவுது..."

"தயங்காம சொல்லுங்க!"

"புதுசா ஒண்ணு பாடிக் குடுங்க சார். இந்தப் பாட்டுக்கு இப்பல்லாம் மயிலுங்க பயப்பட மாட்டேங்குது."