மூன்று சேலைக் கணக்கு

"அந்தப் பச்சையைத் தள்ளி வச்சிருங்கண்ணே. மொதல்ல சிவப்பையும் நீலத்தையும் பாக்கட்டும்" என்றாள் கல்யாணப் பெண் சத்யப்ரியா.

விளக்குத்தூண் பக்கத்துப் பட்டுக்கடையில் இருபது வருடமாகச் சேலை விரித்துப் போடுகிறவர் சுருளி. பெண்ணுக்குப் பச்சை பிடிக்கவில்லை என்பது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முகூர்த்தத்துக்குக் கட்டிக்கொண்டு உட்காரப் போகிறவள் அவள்தானே, போட்டோவிலும் காலத்துக்கும் அதுதானே இருக்கும் என்று நினைத்தவர், சேலையை நைசாகத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

முகூர்த்தச் சேலை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. மாமியார் சோணையம்மாள், நாத்தனார் முனீஸ்வரி, மூத்த மருமகள் அன்னக்கொடி என மூன்று பேர் வந்திருந்தார்கள். அதுவரை அரை மணி நேரமாக இழுபறி.

சிவப்பையும் நீலத்தையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு பேர் சிவப்பு என்றார்கள். நீலத்தையும் பச்சையையும் வைத்தால் இரண்டு பேர் நீலம் என்றார்கள். அப்படியானால் சிவப்புதானே என்று சுருளி மடிக்கப் போனால், பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு எடுபடவில்லை என்றார்கள் இரண்டு பேர். அந்த இரண்டு பேர் யார் என்பதுதான் ஒவ்வொரு தடவையும் மாறியது.

பெண்ணிடமே கேட்டுப் பார்த்தார். அவள் வாய் திறப்பதற்குள் சோணையம்மாள் முந்திக்கொண்டார்.

"அவளுக்கு என்ன தெரியும்? பொழுதன்னைக்கும் கணக்குப் புத்தகத்துலதான் கெடக்கா."

சத்யப்ரியா ஐந்து வருடமாகக் கணிதத்தில் ஆராய்ச்சி செய்கிறாளாம். அப்படி என்ன பெரிய கணக்கு என்று முனீஸ்வரி சீண்டினாள்.

"மூணே மூணு பொருள்தான் மதினி. எந்த ரெண்டைச் சேத்தாலும் அந்த மூணுல ஒண்ணுதான் விடையா வரும். ஆனா எந்த ரெண்டை மொதல்ல சேக்குறோமோ, அதுக்குத் தக்கன கடைசி விடை மாறிப்போகும்."

"மூணு வரைக்கும் எண்ணுறதுக்கு அஞ்சு வருசமா?"

அன்னக்கொடிக்குச் சிரிப்பில் புரை ஏறியது.

இனித் தாங்காது என்று சுருளி தன் பழைய முறையைச் சொன்னார். இரண்டு சேலையை விரிப்பது, தோற்றதை அலமாரியில் ஏற்றுவது, ஜெயித்ததோடு அடுத்ததை வைப்பது. ஏறிய சேலை திரும்ப இறங்காது. மூவரும் ஒப்புக்கொண்டார்கள். அப்போதுதான் சத்யப்ரியா பச்சையைத் தள்ளி வைக்கச் சொன்னாள்.

சிவப்பு ஜெயித்தது, நீலம் அலமாரிக்கு ஏறியது. இதோடு முடிந்தது என்பதுபோலச் சுருளி சிவப்பை அவசரமாக மடித்தார். சோணையம்மாள் விடவில்லை. முதுகுக்குப் பின்னால் என்ன ஒளிச்சு வச்சிருக்கீக என்று எட்டிப் பச்சையை இழுத்து விரித்தார். இரண்டு பேர் பச்சை என்றார்கள். முறை என்றால் முறைதான்.

மூவரும் பில் போடப் போனதும் சுருளி குரலைத் தாழ்த்தினார்.

"எம்புட்டோ மறைச்சுப் பாத்தேன் தாயி. பிடிக்காததே வந்து உன் தலையில விழுந்துருச்சு."

சத்யப்ரியா பச்சைச் சேலையின் கரையைத் தடவிக்கொண்டே சிரித்தாள்.

"பிடிச்சதுனாலதாண்ணே அதைக் கடைசிக்கு வைக்கச் சொன்னேன்."