கம்பிக் கதவைப் பூட்டியவர்

நான் பாதியில் விட்ட வரலாற்றுப் படிப்பை என் தங்கை முடிக்கப்போகிறாள். இரவு வேலை முடிந்ததும் நேராகக் கல்லூரிக்குப் போய், அவள் ஆய்வைச் சமர்ப்பிக்கும் அறையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

கம்பிக் கதவு பூட்டியிருந்ததால் பலர் உள்ளேயே மாட்டி இறந்த பழைய நூற்பாலைத் தீ விபத்துதான் ஆய்வு. உயிர்தப்பிய தொழிலாளி ஒருத்தியிடம் எடுத்த பேட்டியை ஒலிபெருக்கியில் போட்டாள். அந்தம்மா போன மாதம் இறந்துவிட்டார்.

"கம்பிக் கதவை வெளியிலேர்ந்து பூட்டினது யாரு?" என்றார் தேர்வாளர். "அது தெரியாம இது என்னம்மா ஆய்வு? தேறாது."

"அவங்க அப்போ தண்ணி பிடிக்கப் போயிருந்தாங்க சார், பாக்கல. அவங்க சொல்லாததை நான் எழுத மாட்டேன்."

"ஊகிக்கக்கூடவா முடியாது?"

"வீட்ல அதுக்கு எங்க அண்ணன் இருக்கான் சார்."

அறையே சிரித்தது. பேட்டி முடிந்துபோயிருந்த ஒலிபெருக்கியிலும் யாரோ சிரித்தார்கள்.

"நல்லாச் சொன்னே கண்ணு" என்றது அந்தம்மாவின் குரல்.

அவள் இடத்தில் நானாக இருந்தால் ஓடியிருப்பேன். என் தங்கை ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் பேனாவைத் திறந்தாள்.

"அம்மா, கதவைப் பூட்டினது யாருன்னு இப்பவாவது தெரியுமா?"

"நான் பாக்கலையேம்மா. உள்ள மாட்டிக்கிட்டவ இங்க என் பக்கத்துலதான் இருக்கா. இரு, கேட்டுச் சொல்றேன்."

ஒலிபெருக்கியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தேர்வாளர் மெதுவாக எழுந்துபோய், இரைந்துகொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார்.